மாமாவை ஊரே தேடியபோது

என் மாமனார் காணாமல் போனது எனக்குத் தெரிந்தது மாலையில், ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்தபோது. ஊருக்குத் தெரிந்தது அதற்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான். ஆனால் அதன்பிறகு எங்களைவிட ஊருக்குத்தான் எல்லாம் அதிகமாகத் தெரிந்திருந்தது.

ஸ்ரீரங்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் நாங்கள் இருக்கிறோம். கணவருக்குத் துவாக்குடிப் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. எனக்குக் கன்டோன்மென்டில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். மாமா பொன்மலையில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார். அத்தை இறந்த பிறகு எங்களோடு வந்துவிட்டார்.

அதிகம் பேச மாட்டார். 'சரி', 'போதும்', 'வேண்டாம்' என்ற மூன்று வார்த்தைகளிலேயே ஒரு நாளை ஓட்டிவிடக்கூடியவர். சாயங்காலம் ஆனால் கைபேசியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவார். காற்று வாங்குகிறார், கோபுரம் பார்க்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குக் கதவு பூட்டியிருந்தது. சாவி வாட்ச்மேனிடம் இருந்தது. உள்ளே மேஜைமேல் மாமாவின் கைபேசி சார்ஜரில் சொருகியபடியே கிடந்தது. மதியத்துக்கு நான் எடுத்து வைத்த சாப்பாடு தொடாமல் அப்படியே இருந்தது. டீக்கடை, காவிரிக் கரையில் அம்மா மண்டபம், அவர் வழக்கமாகப் பேப்பர் படிக்கும் சலூன் எல்லாம் ஒரு சுற்று சுற்றி வந்தேன். யாரும் பார்க்கவில்லை. கணவர் வந்ததும் இருவருமாகக் காவல் நிலையத்துக்குப் போனோம்.

அங்கே ஒரு பெண் சப் இன்ஸ்பெக்டர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். பாதி குடித்த டீயை ஓரமாக வைத்துவிட்டு விசாரிக்க ஆரம்பித்தார்.

"வீட்ல ஏதாவது சண்டையா?"

"இல்லங்க."

"சின்னதா மனஸ்தாபம்?"

"சாம்பார்ல உப்பு கொஞ்சம் ஜாஸ்தின்னு சொன்னாரு."

"எப்ப?"

"போன வாரம்."

பக்கத்தில் இருந்த ஏட்டு அதையும் எழுதிக்கொண்டார். மாமாவின் கைபேசியைத் திறக்கும் கோலம் எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. எத்தனையோ முறை அவர் எதிரில் இருந்து விரலை இழுப்பதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் கவனித்ததில்லை. சைபர் பிரிவில் திறந்து பார்க்கிறோம் என்று கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். போட்டோ கேட்டார்கள். சமீபத்தில் எடுத்ததில் எல்லாம் அவர் பாதி தலையோடோ, கண்ணை மூடிக்கொண்டோதான் இருந்தார். கடைசியில் கணவர் பணி ஓய்வு நாளில் எடுத்த படத்தைக் கொடுத்தார். அதில் மாமா கழுத்தில் மாலையும், கருகருவென்று சாயம் ஏற்றிய பெரிய மீசையுமாக, ஏதோ தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி இருந்தார். மீசையை எடுத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. அவசரத்தில் எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

அதே படத்தைக் கணவர் எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவிலும் போட்டார். அவ்வளவுதான் நாங்கள் செய்தது. அங்கிருந்து அது தெருக் குழுவுக்குப் போனது, தெருக் குழுவிலிருந்து ஊர்ப் பெயரில் இயங்கும் ஒரு முகநூல் பக்கத்துக்குப் போனது. மறுநாள் காலையில் எழுந்தபோது மாமா பிரபலமாகியிருந்தார்.

முதல் சில கருத்துகள் நல்லபடியாகத்தான் இருந்தன. 'சீக்கிரம் கிடைக்கட்டும்', 'ரங்கநாதா காப்பாத்து' என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே ஒருவர், 'இந்த வயசுல ஒருத்தர் சும்மா வீட்டை விட்டுப் போவாரா?' என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வியோடு கதவு திறந்துகொண்டது. சொத்துத் தகராறு என்றார் ஒருவர். ஞாபக மறதி நோய், வீட்டார் மறைக்கிறார்கள் என்றார் இன்னொருவர். சமயபுரத்தில் அன்னதான வரிசையில் பார்த்தேன் என்றும், காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வாசலில் பார்த்தேன் என்றும், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன் என்றும் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுதியிருந்தார்கள். மூன்று பேருமே மீசையை அடையாளம் சொன்னார்கள். போலீஸ்காரர்கள் மூன்று இடத்துக்கும் போய் வந்தார்கள். காந்தி மார்க்கெட்டில் இருந்தவர் நிஜமாகவே பெரிய மீசை வைத்த ஒரு மூட்டை தூக்குபவராம். மூன்றாவது முறையாக வந்து பெயர் கேட்டபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டதாம்.

பிறகு ஒரு யூடியூப்காரர் வந்தார். அம்மா மண்டபம் படித்துறையில் கையில் மைக்கோடு நின்றுகொண்டு நேரலை செய்தார். 'முதியவர் மாயம்: மருமகள் கொடுமையா, காவிரி ரகசியமா?' என்று தலைப்பு. ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, காவல் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். கேமரா மெதுவாக இறங்கி, படியில் கிடந்த ஒரு ஜோடி ரப்பர் செருப்பில் போய் நின்றது.

"இந்தச் செருப்பு யாருடையது? இந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்வது?" என்று குரல் தழுதழுக்கக் கேட்டார்.

பதில் உடனே வந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட ஒருவர் படியேறி வந்து, கேமராவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு போனார். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எதிரே புகார் கொடுக்க வந்திருந்த ஒரு பெரியம்மா என்னை வினோதமாகப் பார்த்தார். உடனே எனக்குப் பயம் வந்தது. மாமனாரைக் காணோம் என்று வந்த மருமகள் சிரிக்கிறாள் என்று யாராவது இதையும் எடுத்துப் போட்டுவிட்டால்?

பயத்துக்குக் காரணம் இருந்தது. அதற்குள் என் படத்தையும் எங்கிருந்தோ எடுத்திருந்தார்கள். உறவுக்காரர் கல்யாணத்தில் எடுத்தது, பட்டுப்புடவையோடு பல் தெரியச் சிரிக்கிறேன். 'முகத்துல கவலையே இல்ல பாருங்க' என்று அதற்குக் கீழே எழுதியிருந்தார்கள். அந்தக் கல்யாணம் நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. 'இவளுங்க எல்லாம் சோறு போடுவாளுங்களா' என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் யார் என்று உள்ளே போய்ப் பார்த்தேன். ஒரு குழந்தையைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு சிரிக்கும் சாதாரண மனிதர். எங்கேயாவது எதிரில் பார்த்தால் வழிவிட்டு நகர்வார் போலிருந்தது.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது எங்கள் குடியிருப்புக் குழுவில் வந்த ஒரு செய்தி. எங்களுக்கு நேர் கீழ் வீட்டில் இருப்பவர், ஆடி வெள்ளிக்கு என் வீட்டுப் பாயசம் குடிப்பவர், இப்படி எழுதினார்: 'அவங்க வீட்ல அடிக்கடி சத்தம் கேக்கும். நமக்கெதுக்குன்னு இருந்துட்டேன்.'

சத்தமா? நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் சத்தம் போடக்கூடியது மிக்ஸி ஒன்றுதான். அதை மாற்ற வேண்டும் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நான் பதில் எழுதுவதற்குள் அந்தச் செய்தியை நீக்கிவிட்டார். ஆனால் எல்லாரும் படித்தாகிவிட்டது. அப்போதுதான் முதல் தடவையாக அழுதேன். அழும்போது, இப்போது யாராவது போட்டோ எடுத்தால் நன்றாக இருக்கும் என்றும் ஒரு நினைப்பு வந்தது. மனசு அப்படித்தான் இருந்தது.

சப் இன்ஸ்பெக்டர் என் கையிலிருந்த போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

"நீங்க இதெல்லாம் படிக்காதீங்க மேடம்."

"நீங்க படிக்கறதில்லையா?"

"படிச்சா டூட்டி பாக்க முடியாதுங்க. நேத்துலேர்ந்து எனக்கு வர்ற போன்ல பாதி துப்பு சொல்றவங்க, மீதி எனக்கு வேலை சொல்லிக் குடுக்கறவங்க."

எங்கள் தெருமுனை மருந்துக் கடையின் கேமராவில் மாமா கிடைத்திருந்தார். காலையில் நாங்கள் இருவரும் வேலைக்குக் கிளம்பிய சற்று நேரத்தில், வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, கையில் மஞ்சள் பையோடு நடந்து போகிறார். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறுகிறார். யாரும் கூட இல்லை. நடையில் தயக்கமும் இல்லை. அந்தக் காட்சியைக் கடைக்காரர் போலீஸுக்குக் கொடுத்ததோடு தன் ஸ்டேட்டஸிலும் வைத்துவிட்டார். உடனே ஊர் மஞ்சள் பையைப் பிடித்துக்கொண்டது. பையில் பத்திரம் இருக்கிறது என்றார்கள். நகை என்றார்கள். பை தொங்கும் விதத்தை வைத்து எடையைக்கூட ஒருவர் கணக்குப் போட்டிருந்தார்.

"பையில என்ன இருக்கும்னு நீங்க நினைக்கறீங்க? வீட்ல எது காணோம்னு பாத்தீங்களா?" என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பீரோவில் எல்லாம் அப்படியே இருந்தது. சமையலறையில்தான் ஓர் இடம் காலியாக இருந்தது. போன் செய்து சொன்னேன்.

"ஒரு பிளாஸ்க்கக் காணோங்க. ஒரு துண்டு. அப்புறம் ஒரு ரொட்டி பாக்கெட்."

எதிர்முனையில் சப் இன்ஸ்பெக்டர் அதை ஏட்டிடம் எழுதச் சொல்வது கேட்டது.

"பிளாஸ்க் எடுத்துட்டுப் போறவரு ஆத்துல விழ மாட்டாரு மேடம்" என்றார். "பிளாஸ்க்னா ஆஸ்பத்திரி. யாரையோ பாக்கப் போயிருக்காரு. சொந்தக்காரங்க யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போன் செய்தோம். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. எல்லாரும் அந்த வீடியோவைப் பார்த்திருந்தார்கள். செருப்பைப் பற்றி இரண்டு பேர் கேட்டார்கள்.

மதியத்துக்கு மேல், இன்னும் சைபர் பிரிவுக்குப் போகாமல் மேஜையிலேயே கிடந்த மாமாவின் கைபேசி அடித்தது. நாங்களும் அப்போது ஸ்டேஷனில்தான் இருந்தோம். பூட்டிய போன் என்றாலும் வரும் அழைப்பை எடுக்கலாமே. ஏட்டு பாய்ந்து எடுத்து, தன் இயல்பான குரலில், "யாருய்யா நீ? பெரியவர எங்க வச்சிருக்க?" என்று கர்ஜித்தார். உடனே லைன் துண்டிக்கப்பட்டது.

சப் இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணே, ஹலோன்னு சொல்லியிருக்கலாம்ல?"

திரும்ப அழைத்தால் யாரும் எடுக்கவில்லை. எண்ணை வைத்து விசாரித்ததில், அது மணப்பாறையில் வசிக்கும் ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. இந்தத் தகவல் ஸ்டேஷனை விட்டு எப்படி வெளியே போனது என்று எனக்குத் தெரியாது. நாங்கள் ஜீப்புக்குப் பின்னால் எங்கள் காரில் மணப்பாறை ரோட்டில் ஏறும்போதே, 'யார் அந்த மணப்பாறைப் பெண்?' என்று ஒரு புது வீடியோ வந்துவிட்டது. மணப்பாறையில் எங்களுக்கு யாரையும் தெரியாது.

அந்தப் பெண்ணின் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டதும் சாதாரணமாகச் சொன்னார்கள். "அவங்களுக்குக் கண் ஆபரேஷன்ங்க. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கண் ஆஸ்பத்திரி. ரயில்வேயில வேலை பாத்த ஒரு சார்தான் கூட இருக்காரு."

ஆஸ்பத்திரி மாடியில் ஒரு சின்ன அறை. கதவு திறந்துதான் இருந்தது. நாங்கள் எல்லாரும், காக்கிச் சட்டைகள் உட்பட, வாசலில் நின்றோம். உள்ளே கட்டிலில் எழுபது வயசு மதிக்கத்தக்க ஓர் அம்மா, ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடியை விலக்கிக்கொண்டு, மேலே பார்த்துப் படுத்திருந்தார். மாமா குனிந்து, கை நடுங்காமல் இருக்க ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, அவர் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார்.

"சிமிட்டாதீங்க. சிமிட்டினா திருப்பி விடணும். அப்பறம் என்னத் திட்டக் கூடாது."

மாமா ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

சொட்டு விழுந்த பிறகுதான் நிமிர்ந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது.

சப் இன்ஸ்பெக்டர் முறைப்படி கேட்டார். "ஐயா, உங்கள யாராவது வற்புறுத்திக் கூட்டிட்டு வந்தாங்களா?"

மாமா பதில் தேடுவதற்குள் கட்டிலில் இருந்த அம்மா எழுந்து உட்கார்ந்தார். இன்னொரு கண்ணால் எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஏங்க, நான் ஒருத்தரக் கடத்தறதா இருந்தா இவரையா கடத்துவேன்?"

ஏட்டு முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும். கணவர் மட்டும் சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். அந்த அம்மா ரயில்வேயில் டிக்கெட் கவுன்டரில் வேலை பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வூதியக்காரர்கள் கூட்டம் ஒன்றில் மாமாவோடு பழக்கம். ஒரு வாரப் பத்திரிகையில் வரும் குறுக்கெழுத்துப் போட்டியை இருவரும் போனிலேயே சேர்ந்து போடுவார்களாம். மொட்டை மாடியில் நடந்தது அதுதான். ஆபரேஷனுக்கு யாராவது கூட வந்தே ஆக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவருக்கு யாரும் இல்லை. மாமா வருகிறேன் என்றார். சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம், வீட்டில் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருக்கிறார். சர்க்கரை கூடிவிட்டதால் அன்றைக்குச் செய்ய வேண்டிய ஆபரேஷனை மறுநாள் காலைக்குத் தள்ளிவிட்டார்கள். போனை வீட்டிலேயே மறந்தாயிற்று. மகன் எண், என் எண், எதுவும் மனப்பாடம் இல்லை.

"ஒரு நம்பர்கூடவா மாமா தெரியாது?"

"என் நம்பர் தெரியும்."

ஆபரேஷன் முடிந்த அன்று மதியம் சாப்பாடு வாங்க எதிர்க் கடைக்குப் போனபோது அங்கே எல்லாரும் ஒரு போனைச் சுற்றி நின்றிருந்தார்களாம். மாமாவும் எட்டிப் பார்த்திருக்கிறார். மீசையும் மாலையுமாக ஒருவர் படம். பாவம் யாரோ என்று நினைத்திருக்கிறார். எங்கள் குடியிருப்பின் கேட்டைக் காட்டிய பிறகுதான் அந்த மீசை தன்னுடையது என்று புரிந்திருக்கிறது. சுற்றி நின்ற யாருக்கும் பக்கத்தில் நிற்பவரைத் தெரியவில்லை.

கடைக்காரர், "மருமகதாங்க வெரட்டிருக்கும். இந்தக் காலத்துல யாரு பாக்கறா?" என்றாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

மாமா தரையைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு அப்படிப்பட்டது இல்லன்னு சொன்னேன். உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டான். தெரியும்யா, நான் அவ கையாலதான் சாப்பிடறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

கடைக்காரர் அதை எப்படிப் புரிந்துகொண்டாரோ தெரியாது. மாமா சாப்பாட்டுப் பொட்டலத்தைக்கூட வாங்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து, அந்த அம்மாவின் போனை வாங்கி, தெரிந்த ஒரே எண்ணான தன் எண்ணுக்கே அடித்திருக்கிறார். முந்தின நாள் அது அவருக்குத் தோன்றவில்லையாம். வீட்டில் யாராவது எடுப்பார்கள் என்று நினைத்தார். ஏட்டு எடுத்தார்.

"என்னைய எங்க வச்சிருக்கன்னு என்னையே கேட்டா, நான் என்னம்மா சொல்றது?" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவர் சொன்னதில் எனக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் காதில் நின்றது. இத்தனை வருஷத்தில் என் சமையலைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தையை மணப்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறார்.

கணவர் வராந்தாவில் போய் நின்றுகொண்டார். நானும் போனேன்.

"அம்மா இருந்தப்பவே பழக்கமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அத அவர்கிட்டதான் கேக்கணும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் கீழே பஸ்கள் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கடைக்குப் போய் எல்லாருக்கும், போலீஸ்காரர்களுக்கும் சேர்த்து, சாப்பாடு வாங்கிக்கொண்டு வந்தார். அந்த அம்மாவுக்குத் தனியாக, காரம் இல்லாமல் இட்லி. பழக்கம் அத்தை இறந்து வெகுநாள் கழித்துத்தான் என்பதை மாமா தானாகவே பிறகு அவரிடம் சொன்னார். இருவரும் அதைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அந்த அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வர மாமாவுக்கு மனமில்லை. நான் அன்றைக்கு அங்கே தங்குகிறேன் என்றேன். மாமா ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 'யாருடைய தூண்டுதலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின் பேரில் கண் ஆபரேஷனுக்குத் துணையாகப் போனேன்' என்று சப் இன்ஸ்பெக்டர் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டாராம்.

பெரியவர் பத்திரமாகக் கிடைத்துவிட்டார் என்று அதே முகநூல் பக்கத்தில் கணவர் எழுதினார். அதைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அதற்கும் கீழே ஒருவர், 'ஏதோ மறைக்கறாங்க' என்று எழுதியிருந்தார். ஒரு விதத்தில் அவர் சொன்னது சரி. நண்பர் ஒருவருக்குக் கண் ஆபரேஷன் என்று மட்டும்தான் கணவர் எழுதியிருந்தார். யார் என்று எழுதவில்லை. ஊருக்கு அது தெரிய வேண்டியதில்லை என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம்.

கீழ் வீட்டுக்காரரை இரண்டு நாள் கழித்து லிஃப்டில் பார்த்தேன். "நான் பொதுவாத்தான் சொன்னேன்" என்றார். "எங்க மிக்ஸி சத்தம்தான் உங்களுக்குத் தொந்தரவா இருந்திருக்கும். இனிமே காலையில சீக்கிரம் போட மாட்டேன்" என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. அதன்பிறகு பேசிக்கொள்கிறோம், பழையபடி இல்லை. பாயசம் இப்போதும் கொடுத்தனுப்புகிறேன். சின்னக் கிண்ணத்தில்.

கண் நன்றாக ஆனதும் அந்த அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, வீட்டைச் சுற்றிப் பார்த்து, "வண்ணமெல்லாம் இப்பத்தான் பளிச்சுன்னு தெரியுது" என்றார். கணவர் அவருக்கு ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டார். சாப்பிடும்போது மாமாவும் அவரும் முந்தின வாரக் குறுக்கெழுத்தில் ஒரு சொல்லுக்காகச் சண்டை போட்டார்கள். எனக்கும் அந்தச் சொல் தெரியவில்லை. கணவர்தான் சொன்னார். இருவரும் திரும்பி அவரை ஆச்சரியமாகப் பார்த்தார்கள்.

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த மாமா சமையலறை வாசலில் தயங்கி நின்றார்.

"மாசம் ஒரு தடவ அவங்க வந்து போனா உனக்குச் சிரமமா இருக்குமாம்மா?"

"இல்ல மாமா. நீங்க போறதா இருந்தாலும் போங்க. சொல்லிட்டுப் போங்க, அவ்வளவுதான்."

"சரி" என்றார். போனவர் திரும்பி வந்தார்.

"உன் நம்பரக் கொஞ்சம் சொல்லு. பாடம் பண்ணிக்கறேன்."

நான் சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். நடுவில் இரண்டு எண்களை மாற்றிச் சொன்னார். திருத்தினேன். மறுபடியும் மாற்றித்தான் சொன்னார்.